இரவல் சைலன்சர்

வரிச்சிக்குடி உத்திராபதி விலை பேச உட்கார்ந்தால் விற்கிறவருக்கே தன் பொருள்மேல் சந்தேகம் வந்துவிடும். ஒருமுறை சொந்த மச்சானிடம் கறவை மாடு வாங்கப் போனார். அவர் பேசிய பேச்சில், அது பசுதானா என்று மச்சான் மனைவியே ஒருதரம் குனிந்து பார்த்துக்கொண்டாள். கோட்டுச்சேரி கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் தலைமை எழுத்தர். அது போக, வரிச்சிக்குடி குடியிருப்போர் நலச் சங்கத்துக்குப் பதினோரு வருஷமாகத் தலைவர். "அது ஜீவனம், இது சேவை" என்பார். சேவை என்று சொல்லும்போது கண்ணிரண்டும் தாமாக மூடிக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்டவரை, கார்த்திகை மாசம் ஒரு புதன்கிழமை, மகள் இளவேனில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்குவதற்காகக் காரைக்காலுக்குக் கூட்டிப்போனாள். வாஞ்சூர் துறைமுகத்தில் இன்ஜினியர் வேலை அவளுக்கு. பணம் அவளுடையது, ஆசையும் அவளுடையது. விலை பேசும் வாய் மட்டும் அப்பாவுடையது.

வண்டி அறுநூற்றைம்பது சிசி. மாநிலம் மாநிலமாகச் சுற்றப் போகிறவர்களுக்கென்றே செய்தது. காரைக்கால் அதற்குக் கொஞ்சம் சின்ன ஊர். வடக்கே விட்டால் பூவம், தெற்கே விட்டால் வாஞ்சூர், ஆறாவது கியர் போடுவதற்குள் தமிழ்நாடு வந்துவிடும். இதை உத்திராபதி வீட்டிலேயே சொல்லிப் பார்த்தார். "லீவு நாள்ல கூர்க் போவேம்ப்பா, கோவா போவேன்" என்றாள் மகள். "அங்கேயும் நம்ம ஊரு மாதிரி கடலும் வயலுந்தானே இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். விலை பேசும் வாய்ப்பை விட அவருக்கு மனசில்லை.

ஜெகபர் அலிக்கு மார்க்கெட் பக்கத்தில் கயிறு, வலை, படகுச் சாமான் விற்கிற கடை. வண்டி அவர் மகன் ஹமீதுடையது. பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கி ஓட்டிவிட்டு, துபாய் போகும்போது வீட்டு முற்றத்தில் தார்ப்பாய் போர்த்தி நிறுத்திவிட்டுப் போயிருந்தான். தார்ப்பாயை விலக்கியதும் கருநீலத்தில் பளபளவென்று நின்றது. இளவேனில் மூச்சை இழுத்துப் பிடித்தாள். உத்திராபதி உடனே முகத்தை ஒரு சுளி சுளித்தார்.

"என்ன பாய் இது, தூசி படிஞ்சு கெடக்கு?"

"தொடைச்சா போயிரும் சார். மொதல்ல உக்காருங்க, தம்ரூட் சாப்பிடுங்க" என்றார் ஜெகபர் அலி. அவர் மனைவி ஜொஹரா இனிப்புத் தட்டும் தேநீருமாக வந்தாள்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க."

"பேட்டரி மௌத்தாயிருச்சு சார். மவன் போயி ஏழு மாசம் ஆவுதுல்ல. புதுசு போட்டா எடுத்துக்கும். ஆனா ஒரு விஷயம், ஸ்டார்ட் பண்ணினா வண்டி கொஞ்சம்..."

உத்திராபதி கையை உயர்த்தினார். "பாய், நீங்க குறையைச் சொல்லாதீங்க. அதைக் கண்டுபிடிக்கிறதுதான் என் வேலை."

"இல்ல சார், வாங்குறவங்களுக்கு ஒளிவு மறைவு இல்லாம சொல்லிடணும், அது எங்க மேல கடமை. அந்த சைலன்சரு..."

"சைலன்சர் பாட்டுக்கு இருக்கட்டும். மொதல்ல டயரைப் பாருங்க. இது டயரா, வழிச்ச தேங்கா மட்டையா?"

ஜெகபர் அலி மூன்றாவது தடவையும் வாய் திறந்தார். உத்திராபதி பேட்டரிக்குத் தாவி, அங்கிருந்து பிரேக்குக்குப் போய், பூட்டிக் கிடந்த பெட்டியின் சாவித்துவாரம்வரை குறை கண்டு, செத்த வண்டிக்கு உயிருள்ள விலையா என்று கேட்டு, பதினெட்டாயிரம் குறைத்துவிட்டுத்தான் தம்ரூட்டைத் தொட்டார். இளவேனில் இதற்குள் வண்டியின் பின்பக்கம் போய், பளபளத்த அந்தக் குட்டைக் குழாயை நகத்தால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். முகத்தில் வந்த சிரிப்பை ஜொஹரா மட்டும் பார்த்தாள். பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது, தகப்பனுக்குத்தான் இல்லை என்று அவளுக்கு விளங்கியது. "தம்ரூட் இன்னும் ரெண்டு வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வண்டி குட்டியானை வேனில் ஏறி வரிச்சிக்குடி வந்து சேர்ந்தது. ஒரு சத்தமில்லை.

சத்தம் மறுநாள் காலை ஏழேகாலுக்கு வந்தது. இளவேனில் புதுப் பேட்டரியைப் பொருத்தி, பித்தானை அழுத்தினாள். முதலில் ஒரு இருமல். அடுத்து, இடி விழுந்து, விழுந்த இடத்திலேயே நின்று உறுமியது மாதிரி ஒன்று. சம்பா வயலில் இருந்த கொக்கெல்லாம் ஒரே வெள்ளை வேட்டியாக எழுந்து திருவேட்டக்குடிப் பக்கம் போனது. உத்திராபதியின் மனைவி திரிபுரசுந்தரி தோசைக்கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். தெருமுனைக் கடையின் தகரக் கூரை, பக்கத்து வீட்டு ஜன்னல் கண்ணாடி, உத்திராபதி கையிலிருந்த காபி டம்ளர், எல்லாம் தத்தம் சக்திக்கு ஏற்ப ஆடின.

"நிறுத்து! நிறுத்து!" என்றார் உத்திராபதி. அவருக்கே கேட்கவில்லை.

இது வெறும் சத்தமாக இருந்தால் காதைப் பொத்திக்கொண்டு போயிருக்கலாம். இரண்டு வருஷத்துக்கு முன் சங்கத்தில் உத்திராபதி ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். 'அதிக ஒலி எழுப்பும் சைலன்சர் பொருத்திய வாகனம் எவ்வீட்டில் உள்ளதோ, அவ்வீட்டார் எவரும் சங்கத்தில் எப்பொறுப்பும் வகிக்கலாகாது.' எழுதியது அவர், வாசித்தது அவர், கை தட்டுங்கள் என்று சொன்னதும் அவர். அது யாருக்காக எழுதப்பட்டது என்பது ஊருக்கே தெரியும். பக்கத்து வீட்டுச் சிவராமன் அப்போது சங்கச் செயலாளர். அவருடைய மருமகன் தடதடக்கிற புல்லட்டில் வந்து ஒரு மாசம் தங்கினான். சிவராமன் பதவி போயிற்று.

அந்தச் சிவராமன்தான் இப்போது துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் நிதானமாகச் செய்வார். சந்தோஷத்தையும்.

"என்ன தலைவரே, நெல் அறுக்குற மெஷின் எறக்கிட்டீங்களா? சம்பா இன்னும் கதிரே வுடலையே?"

"சிவராமன், இது வந்து... பாப்பா வண்டி."

"ஓகோ. வண்டியா? நான் எதாச்சும் கப்பல் தரை தட்டிருச்சோன்னு பயந்துட்டேன்." வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "தீர்மானம் ஞாபகம் இருக்குல்ல? வார்த்தை ஒவ்வொண்ணும் எனக்கு மனப்பாடம். எவ்வீட்டில் உள்ளதோ, அவ்வீட்டார் எவரும்..."

"எனக்குத் தெரியும்."

"ஞாயித்துக்கெழமை பத்து மணிக்குக் கூட்டம். வண்டியைக் கொண்டாங்க. நாலு பேரு காதால கேக்கட்டும். சத்தம் இல்லேன்னா நானே மாலை போடுறேன். இருந்துச்சுன்னா..." மிச்சத்தைச் சொல்லாமல், அடுப்பில் தீயும் தோசையை விசாரித்துவிட்டுப் போனார்.

உள்ளே போனதும் உத்திராபதி மகளைப் பிடித்துக்கொண்டார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ப்பா. அந்தச் சைலன்சருக்காகத்தான் வண்டியே புடிச்சுது. கம்பெனிது இல்ல, ஹமீது தனியா வாங்கி மாட்டுனது."

"ஏன் சொல்லலை?"

"பாய் அங்கிள் மூணு தரம் சொன்னாங்களே. நீங்கதான் வுடலை."

திரிபுரசுந்தரி தீய்ந்த தோசையைச் சுரண்டிக்கொண்டே, "பதினெட்டாயிரம் கொறைச்சேன், பதினெட்டாயிரம் கொறைச்சேன்னு ராவு முழுக்கச் சொன்னீங்களே, அதான் பாய் வாயை மூட வெச்ச கூலி" என்றாள்.

"வண்டியைத் திருப்பிக் குடுத்துடுவோம்."

இளவேனில் வண்டிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்தாள். சின்ன வயசில் ராட்டினத்தில் ஏறப் பணம் கேட்டு அவர் மறுத்தபோது பார்த்த அதே பார்வை. உத்திராபதி அந்த முகத்தையும் பார்த்தார், சுவரில் மாட்டியிருந்த 'தலைவர்' பலகையையும் பார்த்தார். இரண்டையும் வைத்துக்கொள்ள வழியுண்டா என்று பதினோரு வருஷ அனுபவத்தைக் கேட்டார். அனுபவம் கையை விரித்தது.

மகள்தான் வழி சொன்னாள். "கம்பெனி சைலன்சரை மாட்டுனா பூனை மாதிரி போவும்ப்பா. அது எங்கேன்னு பாய் அங்கிளுக்குப் போன் பண்ணிக் கேட்டேன்."

"எங்கேயாம்?"

"கடலுக்குப் போயிருக்காம்."

ஹமீது கழற்றிப் போட்ட அசல் சைலன்சர் முற்றத்தில் கிடந்ததைப் பார்த்து, கடைக்குச் சாமான் வாங்க வந்த காரைக்கால்மேடு அஞ்சப்பன் கேட்டிருக்கிறார். அவருடைய ஃபைபர் படகின் புகைக்குழாய் துருப்பிடித்து உதிர்ந்துவிட்ட நேரம். ஜெகபர் அலி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

சனிக்கிழமை அப்பாவும் மகளும் ஸ்கூட்டரில் காரைக்கால்மேடு போனார்கள். கடலில் காற்றழுத்தம். மூன்றாம் எண் புயல் கூண்டு ஏற்றி நாலு நாளாகப் படகெல்லாம் கரையில். தூறல் விட்டுவிட்டு அடித்தது. தார்ப்பாய்க்கு அடியில் அஞ்சப்பன் கிழிந்த வலையைக் காலில் மாட்டித் தைத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அமுதம் மீன் ஏலம் விடுகிறவள். ஏலமில்லாத நாளில் அந்தக் குரலுக்குப் போக்கிடம் புருஷன்தான்.

படகின் பின்பக்கம் எஞ்சினோடு வளையமும் போல்ட்டுமாக இணைத்து, அந்த சைலன்சர் கம்பீரமாக நீட்டிக்கொண்டிருந்தது. மேலெல்லாம் உப்பும் செதிலும்.

உத்திராபதி தொண்டையைச் செருமினார். "ஒலி மாசு என்பது இன்றைக்குச் சமுதாயத்தை..."

"குழா வேணுமாங்க?" என்றாள் அமுதம்.

"ஆமா."

"தர மாட்டோம்."

அஞ்சப்பன் வலையை விட்டு நிமிர்ந்தார். "தப்பா நெனைக்காதீங்க தலைவரே. முன்னாடி இந்த எஞ்சின் போடுற சத்தத்துல நாலு பேரும் கையாலதான் பேசிக்குவோம். வலையை இழுன்னா வுடுவான், வுடுன்னா இழுப்பான். இப்பதான் கடல்ல ஒருத்தருக்கொருத்தர் வாய்விட்டுச் சண்டை போட முடியுது."

"இவரு கரைக்கு வந்தாலும் அதே சத்தந்தான்" என்றாள் அமுதம். "காதடைச்ச மனுசன். கொழம்புல உப்பு பத்தலேன்னு சொன்னா அடுத்த தெருவுல இருந்து உப்பு கொண்டாந்து குடுப்பாங்க. இந்தக் குழா மாட்டுன அப்பறந்தான் எங்க வூட்டுல மனுசப் பேச்சு. பதினேழு வருசம் கழிச்சு, என்ன அமுதம் சாப்புட்டியான்னு மெதுவா கேட்டாரு. நான் யாரையோ கேக்குறாருன்னு திரும்பிப் பாத்தேன்."

இளவேனில் சிரித்துவிட்டாள். உத்திராபதிக்குச் சிரிப்பு வரவில்லை. அமைதியைப் பற்றி அவர் எத்தனையோ மனு எழுதியிருக்கிறார். அமைதி ஒரு வீட்டுக்குள் வந்து சோறு சாப்பிட்டாயா என்று கேட்கும் என்பது எந்த மனுவிலும் இல்லை.

"ஒரே ஒரு நாள்" என்றார், குரலைத் தாழ்த்தி. "இரவலா குடுங்க. நாளைக்கு மட்டும். படகுத்துறைக்கு விளக்கு வேணும்னு நான் ஆபீஸ் மூலமா ஒரு மனு..."

"மனுவெல்லாம் நீங்களே வெச்சுக்குங்க. நாளைக்கிக் கூண்டு எறக்கிருவாங்க. மூணு மணிக்கி வலை வெக்கப் போவணும். நாலு நாளா அடுப்புல ரேசன் அரிசி மட்டும் வேவுது. பன்னெண்டு மணிக்குள்ள குழா இங்க வந்துருக்கணும். வருமா?"

"வரும்."

"பெரிய மனுசன் பேச்சு. கேட்டுக்க புள்ள" என்று இளவேனிலைப் பார்த்துச் சொன்னாள் அமுதம். பிறகு இருவரையும் உட்காரவைத்து, ரேசன் அரிசிச் சோற்றுக்குச் சுட்ட கருவாடு வைத்துச் சாப்பிடச் சொன்னாள். குறை கண்டுபிடிப்பதற்கு உத்திராபதிக்கு அங்கே ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. சமுதாயக் கூடத்தில் வழக்கத்துக்கு மாறாக நாற்பது பேர். வழக்கம் ஒன்பது. இளவேனில் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாள். வந்ததே தெரியவில்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று சிவராமன் பெட்ரோல் டேங்கில் கை வைத்துப் பார்த்தார். குனிந்து சைலன்சர் பக்கம் காதைக் கொண்டுபோனார். முறுக்கச் சொன்னார். முறுக்கினாள். தூரத்தில் யாரோ தூங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"சத்தம் இல்ல. ஒத்துக்குறேன்" என்றார் சிவராமன், மனசில்லாமல். பிறகு மூக்கை உறிஞ்சினார். "ஆனா யாரு இங்க கருவாடு சுடுறா?"

உப்பும் செதிலும் ஊறிய குழாய் சூடேற ஏறக் கூடம் முழுக்க நெத்திலி மணந்தது. ஐயப்பனுக்கு மாலை போட்டிருந்த மூன்று பேர் சாமி சரணம் சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தார்கள். மற்றவர்களுக்குப் பத்தரை மணிக்கே பசியெடுத்தது.

"கடற்காற்று" என்றார் உத்திராபதி. மேடையேறினார். எந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, ஜெயித்த மனுஷனுக்குரிய கனைப்பு ஒன்றைக் கனைத்தார்.

ஐந்து நிமிஷத்தில் முடித்திருக்கலாம். பதினொன்றுக்குள் கழற்றி, பன்னிரண்டுக்குள் கொண்டுசேர்த்திருக்கலாம். ஆனால் நாற்பது பேர் இருக்கிற கூட்டம் அவருக்குப் பதினோரு வருஷத்தில் கிடைத்ததில்லை. அமைதியின் மேன்மையில் தொடங்கினார். ஆன்மீகத்தில் அமைதி, விஞ்ஞானத்தில் அமைதி, கொம்யூன் நிர்வாகத்தில் அமைதி என்று போனார். மகள் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினாள். கைதட்டலாக எடுத்துக்கொண்டார். பேச்சால் ஆறியது சைலன்சர் ஒன்றுதான்.

மணி பன்னிரண்டே முக்கால். "அமைதி இல்லாத இடத்திலே வாக்கு நிற்காது, வாக்கு இல்லாத இடத்திலே..." என்று சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தார்.

அமுதம் நின்றுகொண்டிருந்தாள். ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறாள், முந்தானையை இடுப்பில் செருகியபடி. அவள் சத்தம் போடவில்லை. காரைக்கால்மேட்டு ஏலத்தையே நடுங்க வைக்கிற குரல் அது, வாய் திறந்தால் போதும். திறக்கவில்லை. பெரிய மனுஷன் பேசிக்கொண்டிருக்கிறார், முடிக்கட்டும் என்று, செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைசி வரிசையில் ஓரமாக உட்கார்ந்தாள். உட்கார்ந்து, பேச்சைக் கவனமாகக் கேட்கவும் ஆரம்பித்தாள்.

அவள் கத்தியிருந்தால் உத்திராபதி சமாளித்திருப்பார். கேட்டுக்கொண்டிருக்கிறவளிடம் என்ன சொல்வது? இன்னும் பத்து நிமிஷம் பேசி நன்றி சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டு, கடைசி ஆளும் போனபின் கமுக்கமாகக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பதவி தங்கியிருக்கும், சிவராமன் மாலை போட்டிருப்பார். மூன்று மணிக்குப் படகு போயிருக்காது, அவ்வளவுதான்.

உத்திராபதி தன் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் விட்டார்.

"அந்தக் குழா இரவல்" என்றார். "இந்தம்மா படகோடது. எங்க வண்டிக்கு உள்ளது வேற. சிவராமன் அன்னிக்குக் கேட்ட சத்தம் நெசந்தான். பன்னெண்டு மணிக்குத் தரேன்னு சொன்னேன், பேசிக்கிட்டே நின்னுட்டேன். தீர்மானப்படி நான் எறங்கிக்கிறேன். பாப்பா, ஸ்பேனரை எடு."

கூடத்தில் ஒரு சலசலப்பு. சிவராமன் எழுந்து நின்றார். இரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்துவைத்த நக்கல் ஏதோ ஒன்று தொண்டைவரை வந்ததை உத்திராபதி பார்த்தார். சிவராமன் அதை விழுங்கிவிட்டு, "படகுக்கு நேரமாவுதுல்ல, பேசிக்கிட்டே நிக்கிறீங்க? பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனர் எங்க?" என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

அப்புறம் நடந்ததுதான் உண்மையான பொதுக்கூட்டம். நாற்பது பேரில் முப்பது பேர் மெக்கானிக்காக மாறினார்கள். இப்படித் திருகு என்றார் ஒருவர், அப்படித் திருகினால் மரை போய்விடும் என்றார் இன்னொருவர். ஐயப்ப சாமி ஒருவர் கருவாட்டு வாசனையை மறந்து மண்டியிட்டு வண்டியைத் தாங்கினார். இளவேனில் யார் பேச்சையும் கேட்காமல் கழற்றினாள். வீட்டிலிருந்து திரிபுரசுந்தரி சாக்கில் கொண்டுவந்த குட்டைக் குழாய் ஏறியது. கழற்றிய சைலன்சரை அவள் அதே சாக்கில் சுற்றி அமுதத்தின் மடியில் கட்டினாள்.

"ஆட்டோவுல போனா அர மணியாவும். ஏறுங்கக்கா" என்றாள் இளவேனில்.

"இதுலயா? எனக்குப் பயமில்ல புள்ள. வண்டிக்குத்தான் பயமா இருக்கும்" என்று அமுதம் ஏறி உட்கார்ந்தாள்.

பித்தான். இருமல். இடி. அமைதியின் மேன்மையைக் கேட்ட நாற்பது பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். ஒருவர் காதைப் பொத்தினார். பொத்திய கையை மெதுவாக எடுத்தார். "இன்னொரு தரம் முறுக்கும்மா" என்றது ஒரு குரல். அது சிவராமனுடையது. இளவேனில் முறுக்கினாள். அமுதம் ஏலத்தில் மீன் விலை படிந்ததற்குப் போடுகிற கூச்சல் ஒன்றைப் போட்டாள். அந்தக் கூச்சல் அந்தச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

வண்டி வயல்களுக்கு நடுவே கோட்டுச்சேரிப் பக்கம் பறந்தது.

தூசி அடங்கியது. யாரும் கூடத்துக்குள் போகவில்லை. சாலையைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றார்கள். உத்திராபதி கழுத்தை ஒருபக்கம் சாய்த்துக்கொண்டிருந்தார். சத்தம் தூரம் போகப் போக மெலிந்து, தணிந்து, மறுபடி ஏறியது.

"இன்னும் கேக்குதா தலைவரே?" என்று சிவராமன் தணிந்த குரலில் கேட்டார்.

"உஸ்" என்றார் உத்திராபதி. "நாலாம் கியரு போட்டுட்டா. இப்ப அஞ்சு."

நாற்பது பேரும் மூச்சுக்கூட விடாமல் நின்று கேட்டார்கள். சங்கம் ஆரம்பித்த பதினோரு வருஷத்தில் வரிச்சிக்குடியில் அப்படியொரு அமைதி இருந்ததில்லை.